வாசகம் கட்டாயம்

பணிப்பாளர் சுந்தரலிங்கம் அவர்களுக்கு இரண்டு விஷயங்கள் ஒரே இடத்தில் கிடந்தால் பொறுக்காது. சோற்றின்மேல் கறியை ஊற்றிக் கொடுத்தால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவார் என்று அவர் வீட்டாரே சொல்லக் கேள்வி. அப்படிப்பட்ட ஒருவரைக் கொண்டுவந்து கண்டி நகரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோருக்குத் தலைவராகப் போட்டால் என்ன நடக்கும் என்று யாராவது யோசித்திருக்கலாம். யோசிப்பதற்கு என்று தனியாக ஒரு கந்தோர் இல்லாததால் யாரும் யோசிக்கவில்லை.

அந்தக் கந்தோருக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் மீள்வருகைத் தரவு நிலையம் என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் சனங்கள் தரவுக் கந்தோர் என்பார்கள். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போனவர்கள் அங்கே நோய் வருத்தம் என்று விழுந்துவிட்டால், இங்கே இருக்கும் குடும்பத்தார் விண்ணப்பம் போட வேண்டும். கந்தோர் அவர்களைக் கூட்டிக்கொண்டுவர வேண்டும். இவ்வளவுதான் வேலை. முன்பெல்லாம் இதற்கு ஒரே ஒரு பக்கத்தில் ஒரு படிவம் இருந்தது. பெயர், விலாசம், என்ன வருத்தம், எப்போது வர வேண்டும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வாழ்க்கையில் கிடப்பது போலவே கிடந்தன என்பதுதான் பணிப்பாளரின் மனக்குறை.

ஆகவே அவர் அந்தப் படிவத்தை இணையத்துக்கு ஏற்றி, தெளிவான பிரிவுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நிறம். ஒரு பிரிவை முடித்துச் சேமித்தால் அது பூட்டிக்கொள்ளும். பூட்டினால்தான் அடுத்தது திறக்கும். ஆரம்ப விழாவில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். கொம்பியூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். மவுஸைச் சுற்றி ரிப்பன் கட்டி அதைப் பிரதம அதிதி வெட்டியபோது மவுஸின் வயரும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டதால், அன்று படிவத்தைத் திறந்து காட்ட முடியவில்லை. ஆனால் பணிப்பாளர் பேசினார்.

“இதுவரை காலமும் எமது மக்கள் கண்ணீருடனேயே படிவங்களை நிரப்பி வந்தார்கள். அதற்குக் காரணம் துயரம் என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். காரணம் ஒழுங்கின்மை. நோய் என்ற கேள்விக்குப் பக்கத்தில் விலாசம் என்ற கேள்வி இருந்தால் மனிதன் அழாமல் என்ன செய்வான்? இன்றுமுதல் அந்த நிலை இல்லை. எமது சேவையில் இனி எங்கு பார்த்தாலும் பிரிவு. பிரிவே எமது இலட்சியம்.”

பலத்த கைதட்டல். பிரிவு என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. அது நிகழ்ச்சி நிரலில் இருக்கவில்லை.

அந்தப் படிவத்தின் தமிழைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்ல எனக்கு மனம் இருக்காது. படிவம் முதலில் சிங்களத்தில் எழுதப்பட்டது. பிறகு ஓர் இயந்திரம் அதைத் தமிழாக்கியது. பிறகு மொழிச் சீராக்கற் குழு என்று ஒன்று கூடி, தேநீரும் ரோல்ஸும் சாப்பிட்டு, அதைச் சரிபார்த்தது. குழு கண்டுபிடித்த பிழை ஒன்றே ஒன்றுதான். சிங்களவர்களுக்குச் சொந்தப் பெயருக்கு முன்னால் பரம்பரைப் பெயர் ஒன்று வரும். அதை ‘வாசகம’ என்பார்கள். இயந்திரத்துக்கு அது விளங்காமல் அப்படியே தமிழ் எழுத்தில் விட்டிருந்தது. குழுவினர் பார்த்தார்கள். ‘ம’வின் தலையில் புள்ளி விடுபட்டிருக்கிறது என்று ஏகமனதாக முடிவெடுத்துப் புள்ளி வைத்தார்கள். ‘வாசகம்’ ஆகிவிட்டது. பக்கத்திலே சிவப்பு எழுத்தில் ‘கட்டாயம்’ என்றும் போட்டார்கள். அந்தப் புள்ளிக்காகக் குழுவுக்குப் பாராட்டுக் கடிதம் வழங்கப்பட்டது.

இனி அழகமுத்துவிடம் போவோம்.

அழகமுத்து கண்டி மஹய்யாவைக்காரன். கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிறவன். அவன் மனைவி சீதா வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளை கிடையாது. பிறக்கவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசி, அழுது, பேசுவதை நிறுத்தி வெகு காலமாகிவிட்டது. மழைக்கு ஒழுகும் கூரையை மாற்றும் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று போனாள். கூரை மாறிவிட்டது. அதற்குக் கீழே அவன் மட்டும் படுத்திருந்தான்.

சீதாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. வேலை செய்ய முடியாமல் போனதும் அந்த வீட்டார் அவளைக் கொண்டுவந்து, நம் நாட்டுப் பெண்களுக்கான தங்குமிடம் ஒன்றின் வாசலில் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கேயிருந்து பின்னேரங்களில் அவனோடு போனில் பேசுவாள். ஒரு வசனத்தை முடிக்க அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. அழகமுத்து பெரிய பேச்சுக்காரன் அல்ல. சாப்பிட்டாயா என்று கேட்பான், மருந்து தந்தார்களா என்று கேட்பான், கடைசியில் “சீக்கிரம் வீட்டுக்கு வா” என்பான். அதைச் சொல்லாமல் அவன் ஒரு நாளும் போனை வைத்ததில்லை. அன்பைச் சொல்ல அவனுக்கு வேறு வார்த்தை தெரியாது.

அவன் முதலில் கையால் எழுதிய ஒரு விண்ணப்பத்தைக் கொண்டு தரவுக் கந்தோருக்குப் போனான். காகிதத்தை மடித்தால் பிரிவுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும் என்பதால் இனிக் காகிதம் எடுப்பதில்லை என்று அங்கே சொன்னார்கள். ஆகவே கட்டுகஸ்தோட்டையிலேயே பாலத்துக்குப் பக்கத்தில் பாயிஸா நடத்தும் கொமியூனிகேஷனுக்கு வந்தான். போட்டோக் கொப்பி, போன் கார்ட், அடையாள அட்டைக்குப் படம், அரசாங்கப் படிவம் எல்லாம் அங்கே நடக்கும். பாயிஸா அக்குறணைப் பெண், கணவனை இழந்தவள், கை வேகமானவள். படிவங்களோடு சண்டை பிடித்துப் பிடித்து அவளுக்கு எந்தக் கந்தோர் மீதும் மரியாதை மிச்சமிருக்கவில்லை.

அவள் முதலாவது பிரிவைத் திறந்தாள். திறந்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

“அண்ணே, இதில புதுசா வாசகம் எண்டு ஒண்டு கேக்குது. பழைய படிவத்தில இது இல்ல.”

“வாசகம்னா என்னாங்க தங்கச்சி?”

“பாஸ்வேர்ட் மாதிரி ஒண்டாத்தான் ஈக்கும். ஒங்களுக்கு மறக்காத ஒரு வசனம் சொல்லுங்க. கட்டாயமாம்.”

அழகமுத்துவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“சீக்கிரம் வீட்டுக்கு வா.”

பாயிஸா ஒரு தடவை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே தட்டினாள். அடுத்த கட்டத்தில் பெயர் என்று கேட்டது. சீதா என்று போட்டாள். பச்சையாக ஒரு சரி விழுந்து பிரிவு பூட்டிக்கொண்டது.

பிள்ளைகள் பிரிவில் தகராறு வந்தது. வெறுமையாக விட்டால் சிவப்பு. பூச்சியம் போட்டால் சிவப்பு. ‘ஆகக் குறைந்தது ஒரு பிள்ளையின் பெயர் கட்டாயம்’ என்று அது விடாப்பிடியாக நின்றது. குடும்பம் என்றால் பிள்ளை இருக்கும், பிள்ளை இல்லாவிட்டால் பிரிவு வெறுமையாகத் தெரியும், அது வடிவாக இராது என்று குழு தீர்மானித்திருந்தது. கடைசியில் பாயிஸா எரிச்சலில் பெயர் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று தட்டினாள். பச்சை விழுந்தது. அந்தத் தம்பதி எத்தனையோ கோயிலுக்கு நடந்தும் கிடைக்காத பிள்ளை, அந்தக் கொமியூனிகேஷனில் கிடைத்தது.

அடுத்த வாரமே அழகமுத்துவின் போனுக்குச் செய்தி வந்தது. ‘மதிப்புக்குரிய சீக்கிரம் வீட்டுக்கு வா சீதா, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது.’ அவன் சீமெந்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதை வாசித்தான். மறுபடி வாசித்தான். அரசாங்கத்தை அவன் வாழ்நாளெல்லாம் தப்பாக நினைத்திருந்தான் என்று தோன்றியது. கடையில் எல்லோருக்கும் காட்டினான். அன்று பின்னேரம் சீதாவுக்கும் சொன்னான்.

“ஒன்ன நான் மட்டும் கூப்பிடல புள்ள. கவர்மென்ட்டே கூப்பிடுது. சீக்கிரம் வீட்டுக்கு வா சீதான்னு எழுதியிருக்காங்க.”

சீதா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, அது அடங்க நேரமாயிற்று. “நீங்க கூப்பிட்டு வராதவளுக்கு,” என்றாள், “கவர்மென்ட் கூப்பிட்டா வராம முடியுமா?”

அரசாங்கத்துக்கு இதயம் இருக்கிறது என்ற எண்ணம் இரண்டாவது கடிதம் வரும்வரைக்கும் நீடித்தது. அந்தக் கடிதத்தில் இரண்டு கட்டளைகள். ஒன்று, பாஸ்போட்டில் உள்ள சீதாவும், விண்ணப்பத்தில் உள்ள சீக்கிரம் வீட்டுக்கு வா சீதாவும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். மற்றது, மகன் இல்லையின் பிறப்புச் சான்றிதழைத் தர வேண்டும்.

முதலாவதற்குக் கட்டுகஸ்தோட்டை சமாதான நீதவான் சாஹுல் ஹமீது உதவினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மேற்படி இருவரும் ஒருவரே என்று தாம் அறிவதாகச் சத்தியக் கடதாசி எழுதி முத்திரை குத்தினார். இரண்டாவதற்கு அவரிடமும் வழி இருக்கவில்லை. சீதாவிடம் அன்று பின்னேரமே இதைச் சொன்னான். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். இல்லை என்று அழகமுத்து சொன்னான். “பரவால்லங்க, நல்ல பேருதான்,” என்றாள் அவள். அவன் அதற்குமேல் கேட்க முடியாமல் சீக்கிரம் வீட்டுக்கு வா என்று சொல்லி வைத்துவிட்டான்.

அழகமுத்து கந்தோருக்குப் போனான். பிரிவுகள் இப்போது படிவத்தைத் தாண்டி வெளியே வந்திருந்தன. காத்திருக்கும் கதிரைகளுக்கும் நிறம் பூசியிருந்தார்கள். நோயாளியின் உறவினர் மஞ்சள் கதிரையில் இருக்க வேண்டும். பெயரில் சிக்கல் உள்ளவர்கள் நீலக் கதிரை. பிள்ளைகளின் பத்திரம் தராதவர்கள் சிவப்பு. அழகமுத்து மூன்றுக்கும் உரியவன். எதில் உட்கார்ந்தாலும் வேறொரு எழுதுவினைஞர் வந்து எழுப்பினார். மத்தியானம்வரை நின்றுகொண்டே இருந்தான். நிற்பவர்களுக்கு ஒரு பிரிவு இல்லை என்பதை யாரோ கவனித்து, ஒழுங்கு குலைகிறது என்று பணிப்பாளருக்கு அறிவித்ததால்தான் அவனை உள்ளே அழைத்தார்கள்.

உள்ளே சுந்தரலிங்கம் அவர்கள் பென்சில்களை நீளப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் அல்ல. உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். திரையைப் பார்த்தார். பத்திரம் ஒன்று குறைகிறதே என்றார்.

“எங்களுக்கு புள்ள இல்லீங்க சேர்.”

“ஓம், பேர் இஞ்சை கிடக்குது. இல்லை. எத்தினையாம் வகுப்புப் படிக்கிறார்?”

“படிக்கலீங்க. புள்ளையே இல்ல.”

“பள்ளிக்கூடத்துக்கு விடாமல் வைச்சிருக்கிறது பிழையெல்லோ? அது வேறை பிரிவு. நான் அதுக்குள்ளை வரேலாது.”

அழகமுத்து அதை விட்டுவிட்டான். இல்லாத பிள்ளைக்காகச் சண்டை பிடிக்க அவனுக்குத் தெம்பு இருக்கவில்லை. பெயரை மட்டும் திருத்தித் தரும்படியும், பெண்சாதிக்கு மூச்சு இழுக்கிறது, எப்படியாவது பிளேனில் ஏற்றிவிடும்படியும் கெஞ்சினான். பணிப்பாளர் மேசைமேல் கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோலப் பொறுமையாக விளக்கினார்.

“வாசகம் கேட்டது. நீர் வாசகம் குடுத்தனீர். அதிலை என்ன பிழை? பூட்டின பிரிவை நான் திறந்தால் நாளைக்கு எல்லாரும் திறக்கச் சொல்லுவினம். மற்றது, உம்முடைய மனுசி இப்ப நோய்ப் பிரிவிலை நிக்கிறா. பிரயாணம் வேறை பிரிவு. ஒரு ஆள் ஒரு நேரத்திலை ஒரு பிரிவிலைதான் நிக்கலாம். பழைய படிவத்திலை நோயோடை பிரயாணம் செய்தவை. எவ்வளவு குழப்பம், தெரியுமோ? நீர் ஒண்டு செய்யும். நோய்ப் பிரிவிலை குணமடைந்தார் எண்டு ஒரு கட்டம் இருக்குது. அதைத் தொட்டால் அந்தப் பிரிவு பூட்டிப்போடும். அடுத்தது தன்பாட்டிலை திறக்கும்.”

“குணமாகலீங்களே சேர்.”

“அது வைத்தியருக்கு. நான் சொல்லுறது படிவத்துக்கு.”

அழகமுத்து கொமியூனிகேஷனுக்கு வந்து இதைச் சொன்னபோது பாயிஸாவுக்கு மனம் ஒப்பவில்லை. முதலில் கருத்துக்கள் என்ற பிரிவுக்குப் போனாள், அங்கே நடந்ததை எழுதலாம் என்று. எழுத இடமில்லை. முகங்கள்தான் வரிசையாக இருந்தன, சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை. அவள் அழும் முகத்தை அழுத்தினாள். உங்கள் மகிழ்ச்சிக்கு நன்றி என்று வந்தது. வேறு வழி தெரியவில்லை. பணிப்பாளரே சொல்லியிருக்கிறார், பெரியவர், தெரியாமல் சொல்வாரா என்று அழகமுத்து கேட்டான். அவன் கேட்டது அவளிடமா தன்னிடமா என்று தெரியவில்லை. அவள் பிஸ்மி சொல்லிக்கொண்டு ‘குணமடைந்தார்’ என்ற கட்டத்தைத் தொட்டாள்.

பிரிவு பூட்டிக்கொண்டது. அடுத்தது திறந்தது. ஆனால் அது பிரயாணம் அல்ல. ‘மீண்டும் பணிக்கு’ என்று தலைப்புப் போட்டு, பூங்கொத்துப் படம் ஒன்றோடு, வாழ்த்துச் சொல்லியது. குணமானவர் ஏன் வீட்டுக்கு வர வேண்டும்? குணமானவர் வேலைக்குப் போவார். குழு அதையும் தெளிவாக யோசித்து வைத்திருந்தது.

பாயிஸா பின்னால் போகப் பார்த்தாள். போக முடியவில்லை. கந்தோருக்குப் போன் எடுத்தாள். குணமடைந்தவர்களுக்காக நோய்ப் பிரிவைத் திறப்பது சகுனப் பிழை என்றும், அப்படியும் வேண்டுமானால் விண்ணப்பதாரியான சீதா தாமே நேரில் வர வேண்டும் என்றும் பதில் கிடைத்தது.

அங்கே தங்குமிடத்து உத்தியோகத்தர்களும் இதே படிவத்தைத் தங்கள் திரையில் பார்த்து நடப்பவர்கள். சீதாவின் பெயருக்கு நேரே பச்சை விழுந்திருந்தது. பச்சை விழுந்தவர்களுக்கு மருந்து கொடுப்பதில்லை, நோயாளிகளின் அறையில் கட்டிலும் இல்லை. அவளைப் பெட்டியோடு வேலைக்குப் போகிறவர்களின் கூடத்துக்கு மாற்றினார்கள். அன்று பின்னேரம் அவள் பேசியபோது குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது.

“ஏங்க, நான் சொகமாயிட்டேன்னு இங்க சொல்றாங்க. நீங்க எழுதிக் குடுத்தீங்களா?”

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அழகமுத்து பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எழுதியிருந்தாலும் நல்லதுக்குத்தான் எழுதியிருப்பீங்க,” என்றாள் சீதா. “வையுங்க. பேசினா மூச்சு வாங்குது.”

அவன் அந்த வசனத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் போன் நின்றுவிட்டது. அன்று ஒரு நாள்தான் அவன் அதைச் சொல்லாமல் விட்டது.

எனக்கு இந்த இடத்தில் யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருக்கிறது. யார்மேல் படுவது என்றுதான் தெரியவில்லை. பணிப்பாளர் படிவத்தைத்தான் சொன்னார். தங்குமிடத்தார் திரையைத்தான் பார்த்தார்கள். குழு புள்ளிதான் வைத்தது. எல்லோரும் அவரவர் பிரிவுக்குள் ஒழுங்காக இருந்தார்கள்.

அதற்குப் பிறகு சீதாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. பிறகு அடிப்பதும் நின்றது. ஒரு காலை நேரம் அழகமுத்து வேலையைப் போட்டுவிட்டு கொமியூனிகேஷனுக்கு ஓடிவந்தான். சட்டையெல்லாம் சீமெந்து. முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். ‘உங்கள் விண்ணப்பம் அடுத்த பிரிவுக்கு வெற்றிகரமாக மாற்றப்பட்டது’ என்று செய்தி வந்திருந்தது.

“பிரிவு மாறிருச்சு தங்கச்சி. பிரயாணமான்னு பாருங்க.”

பாயிஸா திறந்து பார்த்தாள். புதிய பிரிவு சாம்பல் நிறம். அத்தனை தெளிவான ஒரு பிரிவை அவள் அந்தப் படிவத்தில் பார்த்ததில்லை. ஒரே பக்கம். கட்டாயம் என்று எங்கேயும் சிவப்பு இல்லை. பத்திரம் எதுவும் கேட்கவில்லை. எல்லாக் கட்டங்களும் தாமாகவே நிரம்பியிருந்தன. கீழே பிரயாணப் பிரிவும் பளிச்சென்று திறந்து கிடந்தது, விமானத்தின் இலக்கத்தோடு. இனிமேல் சீதா எந்த வருத்தமும் இல்லாதவள் என்பதால், அதைத் திறப்பதற்குத் தடை இருக்கவில்லை.

பாயிஸா எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டாள். பிறகு ஒரு கதிரையைக் கொண்டுவந்து அவன் பின்னால் வைத்தாள்.

“அண்ணே, இரிங்க.”

“பிரயாணந்தானே தங்கச்சி?”

“ஓ, பிரயாணமும் ஈக்கி,” என்றாள் அவள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழகமுத்து திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். விளங்கியதும், தன் கையில் இருந்த சீமெந்தைத் துடைக்கத் தொடங்கினான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

சீதா சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்தாள். சவப்பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் முழுப் பெயரும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இருந்தது. மஹய்யாவையில் சனம் கூடியது. பெட்டியைச் சுற்றி நின்ற பெண்கள் அந்தத் தாளை வாசித்துவிட்டு, புருஷன்காரன்தான் எழுதி ஒட்டியிருக்கிறான் என்று நினைத்து இன்னும் பலமாக அழுதார்கள். அழகமுத்து மாற்றிய கூரைக்குக் கீழே சீதா ஒரு பின்னேரம் கிடந்தாள். பிறகு மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். தரவுக் கந்தோரிலிருந்து அனுதாபக் கடிதம் ஒன்று வந்தது. அது செல்வன் இல்லைக்கு விலாசமிடப்பட்டிருந்தது. தாயை இழந்து தவிக்கும் உங்களுக்கு எமது ஆழ்ந்த அனுதாபங்கள் என்று எழுதி, பணிப்பாளர் ஒப்பமிட்டிருந்தார்.

அவளுடைய பெட்டி மட்டும் வரவில்லை. உடுப்புப் பெட்டி. அவள் அவனுக்கென்று வாங்கி வைத்ததாகச் சொன்ன ஸ்வெட்டர் அதற்குள் இருந்தது. பொருட்கள் வேறு பிரிவு என்பதால் அது வேறு வழியாக வந்து கந்தோரில் கிடந்தது. அழகமுத்து போய்க் கேட்டபோது, ஆண்டு விழாவில் வைத்து ஒப்படைப்போம், தவறாமல் வரவும் என்றார்கள்.

விழாவுக்குப் பாயிஸாவும் கூட வந்தாள், அவனைத் தனியே விட மனமில்லாமல். மண்டபத்தில் வழக்கம்போலக் குத்துவிளக்கு. இந்த முறை மவுஸுக்கு வயர் இல்லாததால் ரிப்பன் சேதமில்லாமல் வெட்டப்பட்டது. பணிப்பாளர் மேடையில் ஏறினார். மெலிந்திருந்தார், உழைத்த களை தெரிந்தது.

“இந்த வருடம் எமக்கு வந்த விண்ணப்பங்களில், எல்லாப் பிரிவுகளும் ஒன்றுவிடாமல் பூர்த்தியாகிப் பச்சை விழுந்தது ஒரே ஒரு விண்ணப்பத்துக்குத்தான். மற்றவர்கள் இடையிலேயே நின்றுவிட்டார்கள். தொடக்கத்திலிருந்து கடைசிப் பிரிவுவரை சென்று எமது முறை வேலை செய்கிறது என்பதை நிரூபித்தவர் இவர்தான். இவருக்கு முழுமைச் சான்றிதழை வழங்குவதில் நான் பெருமைப்படுகிறேன்.”

கைதட்டினார்கள். மேடையின் ஓரத்தில், சான்றிதழ் மேசைக்குப் பக்கத்தில், சீதாவின் பெட்டி நின்றது. பிடியில் அவள் அடையாளத்துக்குக் கட்டிய சிவப்புச் சேலைத் துண்டு அப்படியே இருந்தது. பணிப்பாளர் கண்ணாடியைச் சரிசெய்து, சான்றிதழைக் கையில் எடுத்து, ஒலிவாங்கிக்கு வாயைக் கிட்டக் கொண்டுபோய், பெயரை வாசித்தார்.

“சீக்கிரம் வீட்டுக்கு வா சீதா.”

யாரும் எழும்பவில்லை. மண்டபத்தில் ஒரு சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பணிப்பாளர் காத்திருந்துவிட்டு, முன்னைவிடத் தெளிவாக மறுபடி கூப்பிட்டார்.

“சீக்கிரம் வீட்டுக்கு வா சீதா.”

பாயிஸா அழகமுத்துவின் கையைத் தொட்டு, அண்ணே, ஒங்களைத்தான், போய் எடுத்துக்கொண்டு வாங்க என்றாள். அழகமுத்து அசையவில்லை. அவன் மேடையைப் பார்க்கவுமில்லை. மண்டபத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் பொறுங்க தங்கச்சி,” என்றான். “இன்னொருக்கா கூப்பிடட்டும்.”

பணிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை கூப்பிட்டார்.